நாக்கில் வைத்த மரம்

இன்று காலை ஒருவர் மரத்துண்டைப் படம் எடுத்து அனுப்பி, "பேனா பண்ணணும், இது என்ன மரம்?" என்று கேட்டிருந்தார். படத்தை எப்படி நாக்கில் வைப்பது?

சிரிக்காதீர்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மரத்தில் பேனா கடைந்து பிழைக்கிறேன். பெயர் தெரியாத மரம் வந்தால் முனையை பிளேடால் சீவி, எச்சில் தொட்டு ரேகை பார்ப்பேன். அதிலும் பிடிபடவில்லையென்றால் ஒரு துளி தூள் நாக்கில். சிந்தாதிரிப்பேட்டைப் பட்டறையில் பக்கத்து மெஷின் கபாலி விடமாட்டான். "இன்னா நைனா, மரத்த துன்னுகினு கீறே, வூட்ல சோறு இல்லியா?"

வெளியாள் முன்னால் அப்படிச் செய்ய எனக்குக் கூச்சம். அதில்தான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு அம்மாள், இடிக்கப் போகும் வீட்டின் சுவாமி அலமாரிப் பலகையோடு வந்தார். எண்ணெயும் புகையும் ஏறிக் கறுத்திருந்தது. கற்பூரமும் விபூதியும் மணந்தன.

"அம்மா போயிட்டா. இந்த வாசனை பேனாவுல இருந்தா போறும். நிக்குமா?"

முகர்ந்து பார்த்தேன். நாக்கில் வைக்க வெட்கம். "சந்தனம்மா. உள்ள வரைக்கும் மணக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் உளி பட்டதும் கறுத்த மேல்தோல் சுருள் சுருளாக விழுந்தது, வாசனையும் அதோடு போனது. தூள் உதட்டில் பட்டுக் கசந்தது. சுத்த வேம்பு.

"போன்ல சொல்லிட்டு வுட்ரு" என்றான் கபாலி. மனசு கேட்கவில்லை. மயிலாப்பூர் போய், தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன்.

"வேம்பா? கொல்லைல நின்ன மரத்த வெட்டினதுக்கு அம்மா ஒரு மாசம் அப்பாவோட பேசலையாம். அப்பறம் அப்பா அலமாரி பண்ணிக் குடுத்து சமாதானம் ஆனாளாம். அதுதானா இது" என்று அம்மாள் சிரித்துவிட்டார்.

கூட்டாமல் எடுத்து வைத்திருந்த கறுத்த சுருள்களைப் பையோடு நீட்டினேன். முகத்தருகே வைத்துக்கொண்டார். "பேனாவுக்கு பாலிஷ் வேண்டாம்" என்றார்.

போன மாதம் ரீஃபில் மாற்ற வந்திருந்தார். வீடு இருந்த இடத்தில் ஐந்து மாடி. டப்பாவில் வைத்த சுருள்களில் வாசனை போய்விட்டதாம். "யோசிச்சிண்டே பேனாவைக் கடிக்கறேனா, கசப்பு மட்டும் அப்படியே இருக்கு" என்றார்.

எனக்கும் கூச்சம் விட்டுப்போயிற்று. இப்போது யார் எதிரில் நின்றாலும் தூளை நாக்கில் வைத்துத்தான் பேர் சொல்கிறேன். கபாலியின் குடும்பத்தை ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து வந்து போவது கட்டுப்படியாகாமல் அவன் வேலையை விட்டு நின்றுவிட்டான். வீட்டில் சோறு இருக்கிறதா என்று கேட்க ஆள்தான் இல்லை.