தேடல் வேகமான பிறகு

திருநெல்வேலியில், பலாலி வீதியோரத்து மாடியறை ஒன்றில் எனக்கு வேலை. போரில் காணாமல் போனவர்களின் விபரங்களைச் சேர்க்கும் சிறிய அலுவலகம். முகாம், வைத்தியசாலை, சிறை என்று பல இடங்களிலிருந்து கிடைத்த பழைய பதிவுகளை ஒரே தரவுத்தளத்தில் ஏற்றியிருந்தோம். குடும்பத்தவர் வந்து பெயர் சொன்னால், அது எங்காவது இருக்கிறதா என்று தேடிச் சொல்வோம்.

தேடல் மிக மெதுவாக நடந்தது. ஒரே பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்ததால், கணினி ஒவ்வொரு தடவையும் எல்லாப் பதிவுகளையும் முதலிலிருந்து ஒப்பிட்டது. பெயரைக் கொடுத்துவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்து முடிக்கலாம்.

அச்சுவேலியிலிருந்து மாதாமாதம் ஓர் அம்மா மகனைத் தேடி வருவார். திரையில் வட்டம் சுற்றும்வரை கண்ணெடுக்காமல் பார்த்திருப்பார். வேண்டுதலில் உதடுகள் அசையும். ‘பதிவு இல்லை’ என்று வந்ததும், “சரி பிள்ளை, அடுத்த மாசம் வாறன்” என்று எழும்பிப் போவார்.

பொறுப்பாக இருந்த அண்ணை ஒருநாள், “உதைக் கெதியாக்க வழி பார், தங்கச்சி. சனம் காத்துக்கொண்டு கிடக்குது” என்றார். பெயர்களின் ஒலியை முன்கூட்டியே கணித்துச் சேமித்து, ஒலிப்படி அடுக்கிய பட்டியலாக இன்டெக்ஸ் போட்டேன். பழைய ஹார்ட் டிஸ்க்கையும் மாற்றினோம். பிறகு சோதனை. குடும்பங்கள் தந்த பெயர்கள் முழுவதையும் கணினி தானாகவே திரும்பத் திரும்பத் தேடும்படி செய்தேன். அத்தனை பிள்ளைகளின் பெயர்களும் நாள் முழுக்கக் கூப்பிடப்பட்டன. யாரும் அகப்படவில்லை. நான் வேகத்தை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த மாதம் அம்மா வந்தார். பெயரைக் கொடுத்தேன். கையை எடுக்குமுன்னே ‘பதிவு இல்லை’ என்று வந்துவிட்டது.

“உது தேடேல்லைப் போலை கிடக்கு” என்றார்.

“தேடினது அம்மா. முந்தியை விட வடிவாத் தேடினது.”

“உவ்வளவு கெதியாயோ? இன்னொருக்காப் பாருங்கோ.”

பார்த்தேன். எழுத்தை மாற்றியும் பார்த்தேன். அதே பதில், அதே வேகத்தில். அவருக்கு உதட்டை அசைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

“முந்தின மாதிரி வைக்கேலாதோ, பிள்ளை?”

அவர் போனபின் அண்ணையிடம், பதிலைக் கொஞ்சம் தாமதமாக்கலாமா என்று கேட்டேன்.

“புரோகிராமிலை ரெண்டு வரி எழுதினால் சரி. ஆனா அந்த மனுசியை ஏமாத்துறதோ?” என்றார். விட்டுவிட்டேன். வெளிநாட்டிலிருந்து உதவி தருபவர்கள் வந்து பார்த்து, நல்ல முன்னேற்றம் என்று பாராட்டிப் போனார்கள்.

அதன்பின் அம்மா வரவேயில்லை. புதிய பதிவுகள் கிடைத்தபோது நானே தொலைபேசி எடுத்தேன்.

“அம்மா, புதுசாக் கொஞ்சம் வந்திருக்கு. பாத்துச் சொல்லட்டோ?”



“வேண்டாம் பிள்ளை. இனி அவன்ரை பேரை உதிலை போடாதேங்கோ.”

“ஓம் அம்மா” என்றேன்.

அந்தப் பெயரை விட்டுவிட்டு மற்றப் பெயர்களைத் தேடினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. ஒருவரும் இல்லை.