நாஸ்தி பண்ணது யாரு?

தோல் ஒட்டும் சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறினால் போதும்... ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறது மனசு. கல்யாணமான முதல் மாதமே அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். பக்கத்து மெஷினில் ஷாஹீன்.

எங்கள் லைனில் எது கெட்டாலும் ஒரே வார்த்தைதான். தையல் கோணினால் நாஸ்தி. டிபன் பாக்ஸில் சாம்பார் ஊசிப்போனால் அதுவும் நாஸ்தி!

"இது உங்க உருதுதானேடி?" என்று ஷாஹீனைக் கேட்டேன்.

"அய்யே... எங்க வூட்ல யாரும் இப்டி சொல்ல மாட்டாங்க. உங்க தமிழா இருக்கும்."

நான் நம்பவில்லை.

ரம்ஜான் முடிந்து கை நிறைய மருதாணியோடு வந்தாள். அந்த வாரம் எங்கள் லைனில் வெள்ளை லெதர் ஓடியது. ஒருநாள் சூப்பர்வைசர் ஒரு கட்டு பீஸைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாவற்றிலும் மஞ்சளாய் விரல் கறை.

"யாரும்மா இப்டி நாஸ்தி பண்ணது?"

எல்லோரும் ஷாஹீனின் கையைப் பார்த்தார்கள். நானும்தான்.

"இது காஞ்சி நாலு நாளாச்சு சார்... ஒட்டாது," என்று தேய்த்துக் காட்டினாள். என் பக்கம் திரும்பி, "நீயாவது சொல்லேன்டி," என்றாள்.

நான் குனிந்து ஊசியில் நூல் கோத்தேன்.

அன்றைக்கே அவளை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

சாயந்திரம் குடியாத்தம் பஸ்ஸில் கழுத்து வேர்வையைத் துடைத்தேன். வெள்ளைக் கர்ச்சீப்பில் அதே மஞ்சள்... என் புதுத் தாலிக்கயிறு! தினமும் மஞ்சள் பூசிய கயிறு. கழுத்தை உறுத்துகிறதென்று நொடிக்கொரு தரம் இழுத்துவிட்டுக்கொண்டு, அதே கையால் வெள்ளை லெதரைத் தைத்திருக்கிறேன்.

மறுநாள் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். என் வேலை போய்விட்டால்? வாயைத் திறக்கவில்லை, பாவி நான். அதற்குள் அவளுக்கு 'நாஸ்தி ஷாஹீன்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்த மாதத்தோடு நின்றுவிட்டாள்.

போன வாரம் காலேஜ் படிக்கும் என் மகள் சொன்னாள்: "நாஸ்தி உருதும் இல்லம்மா, தமிழும் இல்ல. சமஸ்கிருதம். 'இல்லை'ன்னு அர்த்தம். ஒண்ணும் இல்லாம ஆக்கிட்டா நாஸ்தி பண்ணிட்டான்னு சொல்றோம்."

உருது இல்லை என்று ஷாஹீன் அன்றைக்கே சொன்னாள். அதிலும் அவளை நம்பவில்லை நான்.

இப்போது நானே ஒரு லைனுக்கு சூப்பர்வைசர். கயிறு போய் தங்கச் செயின் வந்துவிட்டது, கறை எதுவும் ஒட்டாது. ஆனாலும் எந்த லைனிலாவது "யாரு நாஸ்தி பண்ணது?" என்று குரல் கேட்டால், என் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது.