முழு வருகைப் பொம்மை

நான் இந்த ஆயுசுல வாங்கின ஒரே பரிசு ஒரு பொம்மை. ஒரு ஜாண் உயரம். கம்பெனி நீலச் சட்டை, தலையில நீலத் தொப்பி, காலடியில கம்பெனியில எனக்குப் போட்ட டோக்கன் நம்பர். கழுத்துக்குள்ள ஸ்பிரிங் வச்சிருக்கான், தொட்டா தலையாட்டும். அத வாங்கறதுக்காக ஒரு வருஷம் முழுக்க ஒரு நாள் லீவு போடல. பெத்தவ செத்த அன்னைக்கும் போடல. எடுத்த எடுப்புலேயே சொல்லிடறேன். அப்பறம் சுத்தி வளைச்சுப் பேசறான்னு யாரும் என்னைச் சொல்லக் கூடாது.

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி. காருக்குள்ள ஓடற ஒயருங்களைப் பலகை மேல பரப்பி, டேப் சுத்திக் கட்டற வேலை. உத்திரமேரூர்ல விடியறதுக்கு முன்னாடி கம்பெனி பஸ் ஏறுவேன். பழையசீவரம் பாலம் தாண்டற வரைக்கும் தூங்குவேன், அப்பறம் தூக்கமும் இல்லாம முழிப்பும் இல்லாம உக்காந்துக்கினு போவேன். ஆறு வருஷமா கான்ட்ராக்ட். நாளையிலேர்ந்து வராதேன்னு சொன்னா வராமப் போயிட வேண்டியதுதான், ஏன்னு கேக்க முடியாது. பர்மனென்ட் ஆயிட்டா அந்தப் பயம் இல்ல. எங்க வூட்டுக்காரருக்கு முதுகு வலி, நெல்லு மூட்டை தூக்கறத விட்டுட்டாரு. என் வேலைய நம்பித்தான் வூடு ஓடிக்கினு இருந்துது. அதனால பர்மனென்ட்ங்கற அந்த ஒரு வார்த்தைக்காக இன்னா சொன்னாலும் செய்வேன்னு இருந்தேன்.

ஒரு ஜனவரியில கேன்டீன்ல மைக் வச்சாங்க. எச்.ஆர்.ல இருக்கற பொண்ணு, என் பொண்ணை விட நாலஞ்சு வயசுதான் பெரியவளா இருப்பா, கையில ஒரு பொம்மையோட வந்து நின்னா. இந்த வருஷம் ஒரு நாள்கூட லீவு எடுக்காதவங்களுக்கு அவங்க முகத்தோடயே ஒரு பொம்மை செஞ்சு தருவோம்னா. சாம்பிளுக்கு எங்க மேனேஜரையே பொம்மையா செஞ்சு கொண்டாந்திருந்தா. விரலால தட்டினா, மேனேஜர் ஆமா ஆமான்னு தலையாட்டினாரு. நெசத்துல ஒரு நாளும் எதுக்கும் தலையாட்டாத மனுஷன். பின்னாடி வரிசையில நாங்க சிரிச்ச சிரிப்புல ஒருத்திக்குச் சாம்பார் மூக்குல ஏறிப்போச்சு.

சூப்பர்வைசர்தான் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. "அக்கா, பொம்மைய வெளையாட்டா நெனைக்காதீங்க. பொம்மை வாங்கனவங்க பேருதான் பர்மனென்ட் லிஸ்ட்டுல மொதல்ல போவும்." சின்னப் பையன், மீசையே இப்பத்தான் ஒழுங்கா வந்துக்கினு இருந்துது. அவனும் நெசம்னுதான் நம்பியிருப்பான். இன்னைக்கும் அவன் மேல எனக்குக் கோவம் வரல, பாவமாத்தான் இருக்குது.

அந்த வருஷம் ஜொரத்தோட போனேன். பல்லு வலியில தாடை வீங்கிப்போயி, முந்தானையால மூடிக்கினு போனேன். பஸ்ல எனக்குப் பொம்மைக்காரின்னே பேரு வச்சிட்டாளுங்க. "இன்னாடி பொம்மைக்காரி, இன்னைக்கும் வந்துட்டியா"ன்னு கேப்பாளுங்க. வந்துட்டேன்டி, வராம எங்க போறதுன்னு ஏறி உக்காருவேன்.

எங்கம்மா திருப்புலிவனத்துல எங்கண்ணன் வூட்டுல இருந்தா. எங்கப்பா போயி ரொம்ப வருஷம் ஆச்சு. அவளுக்கு மூச்சிரைப்பு. ஞாயித்துக்கெழமை ஓடிப்போயிப் பாத்துட்டு ஓடியாருவேன், அது அவளுக்குப் பத்தல. போன்ல கேப்பா. "ஒரு நாளு லீவு போட்டுட்டு வாயேன்டி. ராத்திரி இருந்துட்டுப் போ." நான் சொல்லுவேன், "இன்னும் மூணு மாசம்மா. அப்பறம் பர்மனென்ட். அப்பறம் வாரக்கணக்குல வந்து ஒக்காந்துக்கறேன் பாரு." அவ உடனே "சரி சரி"ன்னுடுவா. யாரு இன்னா சொன்னாலும் சரி சரிதான் அவளுக்கு. கல்யாணமாகி வந்த நாளா அப்படியே தலையாட்டிப் பழகினவ. ஒரு தடவையாவது சண்டை புடிச்சிருந்தா நான் போயிருப்பேனோ என்னவோ. அதையும் அவ மேலயே போடறேன் பாருங்க, என் புத்திய இன்னான்னு சொல்றது.

வேலை செய்யற லைன்ல போன் வச்சிருக்கக் கூடாது, லாக்கர்ல போட்டுப் பூட்டிடணும். அக்டோபர்ல ஒரு நாள், பத்து மணி டீக்கு வெளிய வந்து போனை எடுத்தேன். எங்கண்ணன் பேருல பதினோரு மிஸ்டு கால். திருப்பி அடிச்சா அண்ணிதான் எடுத்தாங்க. "அத்தை எட்டு மணிக்கே போயிட்டாங்கம்மா. சீக்கிரம் வந்துடு. அஞ்சு மணிக்கு எடுக்கலாம்னு பேசிக்கினு இருக்காங்க."

சூப்பர்வைசர்கிட்ட போயி நின்னேன். அவன் முகம் வெளுத்துப்போச்சு. "போங்கக்கா. கேட் பாஸ் எழுதித் தர்றேன். ஆனா சிஸ்டத்துல அரை நாள் லீவுன்னு விழுந்துடும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அங்கதான் நான் கணக்குப் போட்டேன். ரெண்டரைக்கு ஷிப்ட் முடியும். கம்பெனி பஸ்ல போனா நாலரைக்கெல்லாம் திருப்புலிவனம். அஞ்சு மணிக்குத்தான எடுக்கறாங்க. இன்னும் ரெண்டரை மாசத்துல வருஷம் முடியப்போவுது. செத்தவ செத்துட்டா, இருக்கறவங்களைப் பாக்கணும். இதெல்லாம் வேற யாரும் சொல்லல, நானேதான் எனக்குச் சொல்லிக்கினேன். பாஸ் வேணாம் சார்னுட்டு உள்ள போயிட்டேன். நின்னு டேப் சுத்தினேன். பக்கத்துல நின்னவளுக்குக்கூடச் சொல்லல. கண்ணுல தண்ணியே வரல, அதுதான் எனக்கு இன்னைக்கும் பயமா இருக்குது.

அன்னைக்குன்னு பாத்து வாலாஜாபாத்துல லாரி ஒண்ணு குறுக்க நின்னுப்போச்சு. திருப்புலிவனத்துல எறங்கறப்ப மணி அஞ்சே கால். தெரு முழுக்க சாமந்தியும் பொரியும் செதறிக் கெடந்துது. வானம் இருட்டிக்கினு வந்துதேன்னு நாலு மணிக்கே எடுத்துட்டாங்களாம். பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போற வழக்கம் இல்ல. கம்பெனிச் சட்டையோட அந்தப் பூ மேலயே நின்னேன். வாய்க்கரிசி போடல. முகம் பாக்கல.

அண்ணி கையைப் புடிச்சு உள்ள கூட்டிக்கினு போனாங்க. "மொகம் பாக்கறவங்க பாத்துக்கங்கன்னு மூணு வாட்டி கூவனாங்கம்மா. உனக்கோசரம் நாலாவது வாட்டியும் கூவச் சொன்னாரு உங்கண்ணன்." அப்பத்தான் எனக்கு அழுகை வந்துது.

எங்கண்ணன் சுடுகாட்டுலேர்ந்து குளிச்சிட்டு ஈரத் துணியோட வந்தாரு. என்னைப் பாத்தாரு, சட்டையப் பாத்தாரு. "ஷிப்ட்டு முடிஞ்சிதா?"ன்னு கேட்டாரு. அவ்ளோதான். அதுக்கப்பறம் எங்கிட்டப் பேசறத விட்டுட்டாரு. பதினாறாம் நாள் காரியம் ஞாயித்துக்கெழமை வந்துது, போனேன், சோறு போட்டாங்க, சாப்பிட்டேன், வந்தேன். வர்றப்பயும் போறப்பயும் அவரு தலைய நிமுத்தல.

டிசம்பர்ல அந்த எச்.ஆர். பொண்ணு பொம்மை செய்ய போட்டோ கேட்டா. தொப்பி இல்லாம, முகம் தெளிவா இருக்கணும்னா. எங்கிட்ட நல்லதா இருந்தது ஒண்ணே ஒண்ணு. அண்ணன் பொண்ணு மஞ்சத்தண்ணிக்கு எடுத்தது. விதவைன்னு எங்கம்மா பந்தல் ஓரமாப் போயி உக்காந்துக்கினா, நானும் ஒரு சேரை இழுத்துப் போட்டுக்கினு பக்கத்துல உக்காந்தேன். அண்ணன் ரெண்டு பேருக்கும் ஒரே கடையில பொடவை எடுத்துக் குடுத்திருந்தாரு. நான் அத அனுப்பி, "பச்சப் பொடவ கட்டினு கீறது நானு"ன்னு எழுதினேன். எங்களுக்கு என்னுது பச்சை, அவளுது கிளிப்பச்சை. ரெண்டும் வேற வேற. பாக்கற மத்தவங்களுக்கு ரெண்டும் பச்சைதான்னு எனக்குத் தோணவே இல்ல.

ஜனவரியில மேடை போட்டாங்க. அஞ்சு பேருக்குப் பொம்மை. மேனேஜர் டப்பாவைக் குடுத்தாரு, நான் தொறந்தேன். நீலத் தொப்பிக்குக் கீழ நெத்தியில விபூதிக் கீத்து. ரெண்டு பக்கமும் மூக்குத்தி. எனக்கு ஒரு பக்கம்தான். சுருக்கத்தையெல்லாம் எடுத்துட்டு வயசு கம்மியாக் காட்டியிருந்தான், ஆனா அந்த ஒட்டின கன்னம் யாருதுன்னு எனக்குத் தெரியாதா? எங்கம்மா கம்பெனிச் சட்டை போட்டுக்கினு, என் டோக்கன் நம்பர் மேல நின்னுக்கினு எனக்குத் தலையாட்டினா. சரி சரி.

"அக்கா, பொம்மையத் தூக்கிப் புடிச்சு சிரிங்க"ன்னாங்க. தூக்கிப் புடிச்சேன். சிரிச்சேனான்னு ஞாபகம் இல்ல.

கீழ எறங்கி அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேன், "இது நான் இல்லம்மா, எங்கம்மா." பதறிப்போயிட்டா. "ஐயோ சாரிக்கா. திருப்பிக் குடுங்க, வேற செஞ்சு தரச் சொல்றேன்." வேணாம்னு டப்பாவை நெஞ்சோட அணைச்சுக்கினேன். அவளுக்கு ஒண்ணும் புரியல.

அதே வாரம் பர்மனென்ட் லிஸ்ட் ஒட்டினாங்க. முப்பத்தஞ்சு வயசுக்கு மேல எடுக்க மாட்டாங்களாம். எனக்கு முப்பத்தொம்போது. என் வயசு ஆறு வருஷமா அவங்க கையிலதான இருந்துது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பத்து மணிக்கே நான் கேட்டைத் தாண்டியிருப்பேனே! சூப்பர்வைசர் தரையப் பாத்துக்கினு, "மேலேர்ந்து வந்த ரூல்க்கா"ன்னான். யாரைத் திட்டறது? மேலன்னா எந்த மேல?

மறுநா காலையில பஸ் வந்து ஹாரன் அடிச்சுது. நான் எழுந்திரிக்கல. வூட்டுக்காரர் வந்து பாத்தாரு. "இன்னா, ஒடம்பு சரியில்லயா?" "லீவு"ன்னேன். இன்னொரு வாட்டி ஹாரன் அடிச்சுட்டுப் பஸ் போயிடுச்சு.

விடிஞ்சதும் டப்பாவைப் பையில போட்டுக்கினு திருப்புலிவனம் போனேன். எங்கண்ணன் வாசல்ல மாட்டுக்குத் தீனி போட்டுக்கினு இருந்தாரு. கிட்டப் போயி, பொம்மைய எடுத்துக் கழுநீர்த் தொட்டி மேல நிக்க வச்சேன்.

குனிஞ்சு பாத்தாரு. கையைத் துணியில தொடச்சுக்கினு அத எடுத்தாரு. "இன்னாடி இது, அம்மா கம்பெனி டிரெஸ்ல கீது"ன்னாரு. மூணு மாசம் கழிச்சு எங்கிட்டப் பேசின மொத வார்த்தை. தப்பா செஞ்சுட்டாங்கண்ணான்னு ஆரம்பிச்சேன்.

அவரு பொம்மைய என் பக்கமாத் திருப்பி, என் முகத்துக்கு நேரா புடிச்சாரு. திருப்பின வேகத்துல தலை ஆடிச்சு.

"மொகம் பாத்துக்க"ன்னாரு.

தலை ஆடி நிக்கற வரைக்கும் பாத்தேன்.