'தே' எழுதிய இரண்டு போத்தில்கள்

பி.எச்.ஐ. ஐயாவின் கையில் நுரைக்கிற தேசிக்காய்த் தண்ணியைக் கொடுத்தவன் நான்தான். சமையல் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு என் திறமைகளைச் சொல்லுமுன் இதைச் சொல்லிவிடுவது நியாயம்.

யாழ்ப்பாண பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சைவக் கடையில் நான் பெரிய சமையல்காரன். கனடாவில் மகள் வீட்டுக்குப் போன முதலாளி, திரும்பும்போது இரண்டு டசின் பிளாஸ்டிக் போத்தில் கொண்டுவந்தார். அமத்தினால் மூக்கால் பீச்சும். அதனால் அதற்குப் பீச்சுப் போத்தில் என்று பெயர் வைத்தோம். நல்ல சாமான்தான். தோசைக்கல்லில் நல்லெண்ணெய் அளவாக விழும். ஆசை கூடி, சம்பலையும் அதற்குள் போட்டுப் பார்த்தேன். கடுகு மூக்கில் அடைத்தது. ஓங்கி அமத்தினேன். சம்பல் முதலாளியின் வேட்டியில் போய் விழுந்தது.

போத்தில்களில் பெயர் எழுத எனக்குப் பஞ்சி, சரியான சோம்பல். ஓரெழுத்துக் காணும், அது போதும் என்று சட்டம் போட்டேன். நல்லெண்ணெய்க்கு 'ந', புளிக்கு 'பு', தேசிக்காய் என்கிற எலுமிச்சைச் சாற்றுக்கு 'தே'.

அன்று சுகாதாரப் பரிசோதகர், அந்தப் பி.எச்.ஐ. ஐயா, சொல்லாமல் வந்து நின்றார். ஏற்கனவே ஒருமுறை எச்சரித்திருந்தார். இன்னொரு பிழை பிடிபட்டால் கடைக்குப் பூட்டு, எங்கள் எல்லாருக்கும் வேலை போய்விடும்.

"ஐயாவுக்கு ஒரு தேசிக்காய்த் தண்ணி போடும்," என்றார் முதலாளி, நெளிந்துகொண்டு.

'தே'யை எடுத்துப் பீச்சினேன். தேசிக்காய் மணம்தான் வந்தது. சீனி போட்டுக் கலக்கிக் கொடுத்தேன்.

"உது ஏன் உப்பிடி நுரைக்குது?" என்றார் ஐயா.

"சோடா விட்டது ஐயா," என்றார் முதலாளி. எங்கள் கடையில் சோடாவே இல்லை.

எனக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் கமலாக்கா இன்னொரு போத்திலை அமத்தி அமத்தி முழித்துக்கொண்டு நின்றா. அதிலும் 'தே'.

"அண்ணை, இது நுரைக்குதில்லை," என்று குசுகுசுத்தா. "தேய்க்கிற தண்ணிக்குத்தானே 'தே' எழுதினனான். நீங்கள்தானே ஓரெழுத்துக் காணுமெண்டு சொன்னனீங்கள்."

அப்போ நான் பீச்சியது கமலாக்காவின் 'தே'. முதலாளிக்கும் கேட்டிருக்கவேண்டும், பேசாமல் இரும் என்று கண்ணால் காட்டினார். ஐயா கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனார். ஒரு மனுசனுக்குச் சவுக்காரத் தண்ணியைப் பருக்கிவிட்டு எப்படிப் பேசாமல் இருப்பது? பாய்ந்து கிளாஸைப் பறித்தேன்.

"குடியாதேங்கோ ஐயா. உது தேசிக்காய் மணக்கிற பாத்திரம் கழுவுற தண்ணி. பிழை என்ரை."

முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஐயா இரண்டு போத்திலையும் மணந்து பார்த்தார். குடிக்கமுதல் உண்மையைச் சொன்னதற்காக, எல்லாவற்றிலும் முழுப்பெயர் எழுத ஒரு கிழமை தவணை தந்தார். கடைக்குப் பூட்டு விழவில்லை.

ஆகவே பிள்ளைகள், பெயரை முழுதாக எழுதுங்கள். பிழை விட்டால், ஆள் குடிக்கமுதல் சொல்லுங்கள்.

ஆனால் ஐயா போகமுன் அந்தக் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொன்னது இன்னும் சுடுகிறது. "மூண்டு தரம் வந்திட்டன். உந்தக் கடையிலை வடிவாக் கழுவுப்பட்ட கிளாஸ் இதொண்டுதான்."