ஞானம்பாள் தாண்டாத வருஷம்

சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த அப்பாத்துரைக்கு, மகள் ஞானம்பாளின் பெருமை பேசாமல் ஒரு டிரிப்பும் ஓடாது. எட்டாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பெண்களை நீளம் தாண்டுதலில் தோற்கடித்தவள். 1995-இல் அவள் மாவட்டப் போட்டிக்குத் தேர்வான சேதி, வண்ணாரப்பேட்டை ஸ்டாப் வருவதற்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில் அவளுடைய வலது முழங்காலுக்குக் கீழே சின்னதாக ஒரு வீக்கம் புடைத்தது. படி இறங்கினால் வலி. மண்டி போட்டாலோ உயிர் போயிற்று. எங்கோ விழுந்திருப்பாள் என்று அப்பாத்துரை எண்ணெய் போட்டு அழுத்தி நீவிவிட, மறுநாள் அவள் நொண்டினாள். விளையாட்டு ஆசிரியர், "ஓடுனா சரியாப் போயிரும்" என்றார்.

பயந்துபோன அப்பாத்துரை அவளை டவுனில் எலும்பு டாக்டர் சுந்தர்ராமனிடம் அழைத்துப் போனார். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். தினமும் எத்தனை தடவை தாண்டுகிறாள் என்று கேட்டதற்கு, அறுபது என்றாள் ஞானம்பாள்.

"அடிபடல. வளருத வயசு. தொடைத் தசை இழுக்குத இழுப்புல, அது வந்து ஒட்டுத எலும்பு நோவுது. தினமும் அறுபது தடவை தாண்டினா எந்தக் கால் தாங்கும்? வலி அடங்குத வரைக்கும் குதிக்கக் கூடாது. நீந்தலாம். தொடைக்குப் பயிற்சி சொல்லித் தாறேன்."

"இந்தப் போட்டி மட்டும் தாண்டட்டுமே சார்?" என்று கெஞ்சினார் அப்பாத்துரை.

டாக்டர் வாய் திறக்குமுன் ஞானம்பாள் சொன்னாள்: "நான் தாண்டலப்பா. அடுத்த வருஷமும் எனக்கு இந்தக் கால்தானே வேணும்?"

"ஊரெல்லாம் சொல்லிட்டேனேட்டி!"

"சொன்ன வாயாலேயே மாத்திச் சொல்லுங்க."

ஆசிரியரிடமும் அவளே போய்ச் சொன்னாள். அவர் கத்தினார், தலையைக் குனியாமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.

போட்டி முடிந்த மறுநாள், "பிள்ளை ஜெயிச்சுட்டாளா அண்ணாச்சி?" என்று பஸ்ஸில் ஒருவர் கேட்டார். அப்பாத்துரை அவருக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தாண்டவே இல்ல. கால் நோவுக்கு ஆகாதுன்னு அவளே வேண்டாம்னுட்டா. பதிமூணு வயசுல எவனுக்குவே இந்தப் புத்தி வரும்?"

ஞானம்பாள் ஆற்றில் நீந்தினாள். காலையும் மாலையும் பயிற்சி செய்தாள். ஆறு மாதம் கழித்துத்தான் தாண்டும் குழி மணலில் கால் வைத்தாள், அதுவும் எண்ணிப் பத்துத் தாண்டல்.

அடுத்த வருஷம் பாளையங்கோட்டை மைதானத்தில் நாலு மீட்டர் எழுபத்திரண்டு தாண்டினாள். இரண்டாவது இடம். லீவு போட்டு வந்திருந்த அப்பாத்துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைத் தேடினார். அவளோ முதலிடம் வந்த பெண்ணைப் பிடித்து நிறுத்தி, தாண்டுமுன் எத்தனை எட்டு வைத்து ஓடிவந்தாள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.