பின்வரிசையில் இரண்டு பேர்

என் வீட்டுக்காரர் ஊர் உலகத்தைத் திட்டிப் பிழைத்தவர். மேடையில் மைக்கைப் பிடித்தால் முன்வரிசையில் இருப்பவர் மந்திரியா மளிகைக் கடைக்காரரா என்று பார்க்க மாட்டார். திட்டு வாங்கியவரே முதலில் சிரிப்பார். அப்படியே டிவிக்குப் போனார், சிங்கப்பூர் போனார், மலேசியா போனார். இப்போதும் மூலக்குளம் நெரிசலில் பஸ் நிற்கும்போது யாருடைய செல்போனிலிருந்தாவது அவர் குரல் கேட்கும். பெரும்பாலும் என்னைத்தான் திட்டிக்கொண்டிருப்பார். "எம் பொண்டாட்டி தலைய விரிச்சிப் போட்டா போதும், கரண்டு போயிடுச்சின்னு தெருவே மெழுகுவத்தி தேடும்." பஸ்ஸில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்தத் தலை நரைத்துப்போய்ப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்து நிற்பது அவர்களுக்குத் தெரியாது.

இந்தத் திட்டு அவர் கண்டுபிடித்ததில்லை. என் மாமியாரிடமிருந்து வந்தது. வீட்டுக்காரருக்கு முன்னால் மாமியார் பெற்ற இரண்டு பிள்ளைகள், நடக்கப் பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டன. மூன்றாவதாக இவர் பிறந்ததும் குப்பைமேட்டில் போட்டுப் புரட்டி எடுத்து, பக்கத்து வீட்டில் ஒரு முறம் தவிட்டுக்கு விற்று, திரும்ப வாங்கி, வாயில் சொல்லவே கூசுகிற ஒரு பெயரை வைத்தார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று நினைத்துச் சாவு தாண்டிப் போய்விடும் என்று நம்பிக்கை. பாகூர்ப் பக்கம் எல்லோரும் அறிந்த வழக்கம்தான் இது. மற்ற வீடுகளில் பெயரோடு விட்டுவிடுவார்கள். என் மாமியார் விடவில்லை. பையன் பத்தாவது தேறியபோது, "எழவெடுத்தது பாசாயிடுச்சி" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாராம்.

நான் மணப்பெண்ணாக உள்ளே காலெடுத்து வைத்தபோது மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாடா இது, இந்த மூஞ்சிய எங்கேந்து இட்டுகினு வந்த?" என்றார். நான் அடுப்படியில் போய் அழுதேன். பிறகு சாப்பாட்டு வேளையில் பார்த்தேன். மகனுக்குச் சோறு போடும் முன்பு, பின்வாசல் படியில் இரண்டு சின்னச் சோற்று உருண்டைகளை வைத்தார். காக்காய்க்கா என்று கேட்டேன். சோற்றுப் பானையோடு உள்ளே போய்விட்டார்.

பதிலை வீட்டுக்காரர் சொன்னார். "எங்க அண்ணனும் அக்காவும் இன்னும் போவலடி. இங்கயேதான் நிக்கிறாங்க. சின்னப் புள்ளைங்கதான? நல்லாருக்குதுன்னு எதையாச்சும் சொன்னா காதுல வுழுந்துடும். அது எங்களுக்கு வேணும்னு எடுத்துக்குவாங்க."

புது மாப்பிள்ளை பயமுறுத்தி விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தொழிலுக்கு வந்தது தற்செயல். வில்லியனூரில் ஒரு கல்யாண வரவேற்பு. இவர் மைக்செட்டுக்காரர்களோடு போயிருந்தார். கச்சேரிப் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு இடைவெளி விழ, யாரோ இவர் கையில் மைக்கைத் திணித்தார்கள். இவருக்குத் தெரிந்த பேச்சு ஒன்றுதான். மாப்பிள்ளையின் சித்தப்பா மீசையில் தொடங்கி, பெண்ணின் அத்தை பட்டுப்புடவையில் முடித்தார். சாப்பிடப் போனவர்கள் இலையை விட்டுவிட்டு வந்து நின்றார்களாம்.

அவர் திட்டுவதற்கு ஒரு கணக்கு இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்கே சில வருஷம் ஆனது. குறையைத் தொடவே மாட்டார். நொண்டியை, கறுப்பை, ஏழ்மையை அவர் வாய் சொன்னதே இல்லை. ஒருவரிடம் எது நன்றாக இருக்கிறதோ, எதை நினைத்து அவர் உள்ளூர மகிழ்கிறாரோ, அதைத் தேடிப் பிடித்துத் திட்டுவார். நல்ல குரல் உள்ளவனைத் தொண்டையில் தவளை என்பார். தன் பிள்ளையைப் பார்த்துப் பூரிக்கிறவளிடம், இதை எந்தத் திருவிழாவில் கண்டெடுத்தாய் என்பார். திட்டு வாங்கியவர்கள் எதற்கென்று தெரியாமலே மனம் குளிர்ந்து போனார்கள். புது வண்டி வாங்கினாலும், பரீட்சை எழுதப் போனாலும், "ஒரு வார்த்தை திட்டி அனுப்புண்ணா" என்று எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். கண்ணேறு கழிகிறதாம். எனக்குச் சிரிப்பாக வரும். எந்த வீட்டு வாசலில் போய் எதைக் கழிக்கிறார்கள், பாவம்.

நான் அவருடைய நிகழ்ச்சிகளுக்கு நிறையப் போயிருக்கிறேன். ஒவ்வொரு திட்டும் முடிந்ததும் அவர் பார்வை கூட்டத்தைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போய்த் திரும்பும். பின்னால் இருப்பவர்களையும் கவனிக்கிற பெரிய கலைஞன் என்று ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். சிங்கப்பூரில் குளிரூட்டிய ஒரு பெரிய அரங்கம். அங்கே பின்னால் பார்த்தவர் ஒரு கணம் பேச்சை மறந்து நின்றுவிட்டார். விடுதிக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து, "இவ்ளோ தூரம் வந்துட்டாங்கடி. செருப்புகூட இல்ல" என்றார். அதற்குள் மாமியார் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. பின்வாசலில் சோறு வைப்பவள் நான்தான். நம்பிக்கை கிடையாது என்று சொல்லிக்கொண்டேதான் வைத்தேன். ஊரிலிருந்து கிளம்பும்போது பக்கத்து வீட்டில் சோறு வைக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

எனக்கு அவரிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை கிடைத்ததில்லை. திட்டைத் திருப்பிப் போட்டு அர்த்தம் பார்த்துக்கொள்வேன். தலைமுடி நன்றாக இருக்கிறது என்கிறார், சரி. குழம்பு ருசியாக இருக்கிறது, சரி. வருஷக்கணக்காக இப்படியே சுற்றிவளைத்துச் சாப்பிட்டு என் பசி ஆறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மகளுக்கு இந்தப் பொறுமை இல்லை. அவள் நன்றாக ஆடுவாள். பள்ளி ஆண்டுவிழாவுக்குச் சிறப்பு விருந்தினராகப் போன அவள் அப்பா, "இது இன்னும் ரெண்டு தடவ குதிச்சிதுன்னா பூகம்பம்னு கலெக்டரு லீவு வுட்டுருவாரு" என்றார். மண்டபம் அதிர்ந்தது. அந்த வீடியோ எல்லார் கையிலும் ஓடியது. கல்லூரியில் அவளுக்குப் பெயரே பூகம்பம் என்றாகிவிட்டது. சலங்கையைக் கழற்றியவள் பிறகு கட்டவில்லை. அது பாராட்டு என்று நான் விளக்கப் போனேன். "அப்ப பாராட்டாவே சொல்லட்டும். வாய் வலிக்குதா?" என்றாள்.

காட்டேரிக்குப்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். கரும்பு போடுகிற குடும்பம், நல்ல மனிதர்கள். அவளுக்கு முதல் கரு தங்கவில்லை. அடுத்ததும் தங்கவில்லை. இரண்டு என்று எண்ணியபோது எனக்குப் பின்வாசல் சோற்று உருண்டைகள் ஞாபகம் வந்தன. அவளோ அப்பாவின் நாக்கைக் குற்றம் சொன்னாள். ஊரெல்லாம் பார்க்கத் தன்னைத் திட்டியதுதான் வயிற்றில் வந்து விழுகிறது என்றாள். மூன்றாவது தங்கி, வளைகாப்புக்கு நாள் குறித்ததும் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"எல்லார் முன்னாடியும் எனக்கு ஒரு நல்ல வார்த்த சொல்லணும். முடியாதுன்னா வராத."

அவர் அன்று சாப்பிடவில்லை. பின்வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வளைகாப்பு அன்று கூடம் நிறைய ஆட்கள். அவர் நலங்கு வைக்க எழுந்ததும் ஆளாளுக்குச் செல்போனைத் தூக்கினார்கள். அவர் மகள் கன்னத்தில் சந்தனத்தைத் தடவினார். "நல்லா இரு தாயி. உன் வயித்துல இருக்கறது தங்கம்" என்றார். எல்லோரும் சிரிக்கத் தயாராகக் காத்திருந்தார்கள். அடுத்த வார்த்தை வரவில்லை. அதுவே வேடிக்கை என்று நினைத்து யாரோ சிரிக்க, கூடமே சிரித்தது. மகள் மட்டும் அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். அவர் வாசல் பக்கம் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

அந்த வாரமே அவளுக்கு வலி கண்டுவிட்டது. அரியூர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை, நாள் நிறையாமல். ஒரு கையில் அடங்கிவிடும். கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் குழாய் போட்டிருந்தார்கள். பிழைக்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. பின்வாசல் சோற்றின் கதையைக் கேட்டு வளர்ந்தும் அதுவரை நம்பாத மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மறுநாள் என் கையைப் பிடித்தாள்.

"அப்பாவ வரச்சொல்லு. வந்து திட்டச்சொல்லு."

வந்தார். குழந்தைகள் இருந்த அறைக்கு ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டு. மகளையும் கூட்டிக்கொண்டு போய் அதன் முன்னால் நின்றார். முதலில் திரும்பி அறைக்கு வெளியே நீண்டு கிடந்த தாழ்வாரத்தைப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னாத்துக்குப்பா சும்மா நிக்கிற? ஊரையே திட்டுன வாய்தான? இத ஒரு வார்த்த திட்டுப்பா."

"எதச் சொல்லிடி திட்டறது..." என்று ஆரம்பித்தார். "எல்லாமே..." என்றவர் துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார். அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திட்டுவதற்கு அழகான ஒன்றைத் தேட வேண்டும். தேடிப் பார்த்த இடமெல்லாம் அழகாகவே இருந்தால் மனிதன் என்ன செய்வான்?

மகள் அவரை நகர்த்திவிட்டுச் சன்னலில் முகத்தை வைத்தாள். "ஏய், கருவாடு" என்றாள். "உன்ன யாரு இங்க வரச்சொன்னா? கையப் பாரு, மொளகா காம்பு மாதிரி. உன்ன எவன் கேட்டான்? எனக்கு ஒண்ணும் நீ வேணாம். கேட்டுச்சா? வேணவே வேணாம்." கண்ணாடியில் அவள் கண்ணீர் வழிந்தது. நைட்டியில் பால் நனைந்திருந்தது. நர்ஸ் வந்து சத்தம் போட்டும் அவள் நிறுத்தவில்லை. என் மாமியார் பேசுவதைக் கேட்டதுபோல் இருந்தது எனக்கு.

குழந்தை பிழைத்தது. டாக்டர்கள் பிழைக்க வைத்தார்கள், அது எனக்குத் தெரியும். என் மகளுக்கும் தெரியும், படித்தவள்தான். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு இன்றுவரை கருவாடுதான் பெயர். நிஜப்பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது.

அவர் அதன்பிறகு ஒரே ஒரு மேடை ஏறினார். முதல் ஆளைத் திட்டிவிட்டு வழக்கம்போலக் கடைசி வரிசையைப் பார்த்தார். மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார். "பின்னாடி யாரும் இல்லடி" என்றார் வீட்டுக்கு வந்ததும். "எங்க போயிருப்பாங்க?" அவர் பார்வை, பாயில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை மேல் இருந்தது. எனக்கும் அதே நினைப்புத்தான் வந்தது. இவளைத் தேடி வந்துவிட்டார்களோ? அன்றிலிருந்து அவர் எங்கும் போவதில்லை. பேத்தி வந்தால் அவள் நிழல் மாதிரி கூடவே திரிகிறார். மகளோடு சேர்த்து இந்த வீட்டில் நாங்கள் மூன்று பெரியவர்கள் ஒரு குழந்தையைக் கொஞ்சாமல் இருக்கப் படுகிற பாடு இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

போன வாரம் அவளைத் தூக்கிக்கொண்டு கொல்லை வயலுக்குப் போனார். சற்று நேரத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அறுவடை முடிந்த வயலுக்கு எதற்குத் தண்ணீர் என்று போய்ப் பார்த்தேன். பழைய மோட்டார், ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. கொட்டகைக்குள் அவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் காதோடு வாயை ஒட்டி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். நிறுத்தாமல் பேசினார், இத்தனை வருஷம் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டுகிறவர் மாதிரி. குழந்தை சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபடி, பெரிய கண்ணோடு கேட்டுக்கொண்டிருந்தது. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை; பின்னால் யார் நின்றிருந்தாலும் கேட்டிருக்காது.

நான் கல்யாணமாகி வந்த வருஷமே அந்த மோட்டார் அங்கே இருந்தது. எனக்காகவும் ஒரு நாள் அதைப் போட்டிருக்கலாம்.