என் தங்கை செய்த களிமண் தலைகள்

என் தங்கைக்கு முப்பத்து நான்கு வயது. பிறந்ததிலிருந்து பேச்சு வரவில்லை. அம்மா போனபிறகு அவளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: போன வருடம் ஆறேழு மாதம் அவளைக் கண்டாலே எனக்குப் பயமாக இருந்தது.

திடீரென்று ஒருநாள் முஷ்டியால் தன் முகத்தில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். கையைப் பிடித்தால் கடித்தாள். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள். அவளை அமைதிப்படுத்தக் கொடுத்துவந்த மாத்திரையை டாக்டர் கூட்டினார். மாத்திரை போட்டால் சுருண்டு படுத்துவிடுவாள். தெளிந்ததும் மறுபடி அடிதான். அரிவாள்மனையையும் கத்தியையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவள் பின்னால் வந்து நின்றால் எனக்கு முதுகு கூசும்.

என்னோடு தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் ஒருவர்தான் வண்ணார்பேட்டையில் சனிக்கிழமைதோறும் நடக்கும் வகுப்பைப் பற்றிச் சொன்னார். பாத்திரக்கடைக்கு மேலே ஒரு மாடி அறை. யார் வேண்டுமானாலும் வரலாம். களிமண், ஈர மணல், தேங்காய் நார், மஞ்சள் கரைத்த தண்ணீர் எல்லாம் இருக்கும். தொட்டு, முகர்ந்து, மனதில் வருவதைச் செய்யலாம். நடத்தும் டீச்சருக்குக் கண் தெரியாது.

முதல் நாள் வாசலிலேயே நின்றேன். பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர், சக்கர நாற்காலியில் ஒரு கல்லூரிப் பெண் என ஏழெட்டுப் பேர் உள்ளே இருந்தார்கள். இவள் யாரையாவது அடித்துவிட்டால்?

“டீச்சர், இவ அடிப்பா. முன்னாடியே சொல்லிருதேன்.”

“இருக்கட்டும் அண்ணாச்சி. பைய உள்ள வரட்டும்” என்றார் அவர்.

களிமண்ணை மூக்கருகே கொண்டுபோனதும் தங்கை உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரம் பிசைந்தாள். தேங்காய் அளவுக்கு ஓர் உருண்டை. மேலே நாரை ஒட்டினாள், மூக்குப்போல ஒன்றைக் கிள்ளி வைத்தாள். தலை என்று எனக்குப் புரிந்தது. பிறகு அதன் கன்னத்தில் கட்டைவிரலை அடிவரை குத்தி இறக்கினாள். அந்தப் பள்ளத்தில் தேங்காய்ச் சிரட்டைத் துண்டு ஒன்றைச் சொருகினாள்.

யாருடைய தலை அது? என்னுடையதா?

அடுத்த வாரமும் அதே தலை, அதே குத்து. அதற்கடுத்த வாரமும். அவற்றை அங்கே அலமாரியில் காயவைத்தார்கள். ஒன்றை மட்டும் யாருக்கும் தெரியாமல் பையில் போட்டு எடுத்துவந்து, பாலத்தின் மேலிருந்து ஆற்றில் எறிந்தேன். வேறு யாரும் பார்த்தால் இவளை எங்காவது அடைத்துவைக்கச் சொல்வார்களோ என்ற பயம்.

நான்காவது வாரம் டீச்சர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தங்கை சட்டென்று அவர் கையைப் பற்றி, விரலைக் களிமண் பள்ளத்துக்குள் அழுத்தினாள். முறித்துவிடுவாள் என்று நினைத்து நான் பாய்ந்தேன்.

“தொடாதிய அண்ணாச்சி. என்னமோ காட்டுதா.”

கையை விடுவித்துக்கொள்ளாமலே அவர் பள்ளத்தைத் தடவினார். அலமாரியில் இருந்த மற்ற தலைகளையும் எடுத்துவரச் சொல்லி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

“எல்லாத்துலயும் இடது பக்கந்தான். தாடைக்கிட்ட. ஆமா, இவ எங்கன அடிச்சுக்கிடுதா?”

“இடது கன்னத்துல.”

“வாயத் தொறந்து பாத்தியளா?”

நான் பார்க்கவில்லை. கடிப்பாள் என்று பயந்து பல்கூட விளக்கிவிடாமல் பல நாள் விட்டிருந்தேன்.

பாளையங்கோட்டையில் பல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மயக்க மருந்து கொடுத்தால்தான் பார்க்க முடியும் என்றார். ஏற்கெனவே அத்தனை மாத்திரை தின்றவள், எழுந்திருப்பாளா? கையெழுத்துப் போடும்போது என் பெயரையே தப்பாக எழுதினேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்றரை மணி நேரத்தில் அந்தக் கதவு திறந்த ஒவ்வொரு தடவையும் என் உயிர் போய் வந்தது.

கடைவாய்ப் பல் ஒன்றின் வேரில் சீழ் கட்டி, தாடை எலும்பு வரை இறங்கியிருந்தது. “மாசக்கணக்கா வலிச்சிருக்கும். எப்படித்தான் தாங்கினாங்களோ” என்றார் மருத்துவர்.

பல்லைப் பிடுங்கிப் புண் ஆறியதும் அடிப்பது நின்றது. மாத்திரையை டாக்டர் பாதிக்கும் கீழே குறைத்தார். கத்தி சமையலறைக்குத் திரும்பிவிட்டது.

இப்போதும் சனிக்கிழமை தவறாமல் போகிறோம். தலை செய்வதை விட்டுவிட்டாள். மஞ்சள் தண்ணீரில் உள்ளங்கையை நனைத்துத் தாள் முழுக்கத் தேய்க்கிறாள். தாள் தீர்ந்தால் மேஜையிலும். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தேய்ப்பையும் உற்றுப் பார்க்கிறேன். இது எந்த வலி? வயிறா, காதா?

“எல்லாத்துக்கும் அர்த்தம் தேடாதிய. சும்மா சந்தோசத்துக்கும் செய்வா” என்கிறார் டீச்சர்.

இருக்கலாம். ஆனால் முப்பத்து நான்கு வருடத்தில் இவள் வேறு என்னவெல்லாம் காட்டினாள், நாங்கள் எதையெல்லாம் பார்க்காமல் விட்டோம் என்று நினைத்தால், அந்த மஞ்சள் தாளிலிருந்து கண்ணை எடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது.